உச்ச வெயிலும் உறைகுளிரும்

கோடைக்காலத்தில் இருவர் சந்தித்தால் முதற்பேச்சு வெயிலைப் பற்றியதாகவே இருக்கும். "இப்படி ஒரு வெயிலை என் ஆயுளில் கண்டதில்லை" என்று ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கிறோம். மார்கழி பிறந்ததும் அதே மனிதர் குளிரைப் பற்றியும் அதே சொற்களைச் சொல்லுவார். மனிதருடைய நினைவு வெப்பத்தை அளக்கத் தக்க கருவி அன்று. சென்ற ஆண்டின் வியர்வையை அது இந்த ஆண்டில் மறந்துவிடுகிறது. ஆகவேதான் வெப்பநிலையைக் கருவி கொண்டு அளந்து, நாள்தோறும் எழுதி வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. அவ்வாறு எழுதப்பட்ட ஏடுகளிலிருந்து, நம் நாட்டின் சில பகுதிகளில் பதிவான உச்ச வெப்பத்தையும் கடுங்குளிரையும் எடுத்துக்கொண்டு, அவ்வெண்கள் நமக்குக் கூறுவது யாது என்பதை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன். நான் சொல்லும் அளவுகள் யாவும் செல்சியஸ் முறையில் அமைந்தவை.

முதலில் இரண்டு ஊர்களைக் காண்போம். இராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியில், தார்ப் பாலைநிலத்தைச் சார்ந்து பலோடி என்னும் ஊர் உள்ளது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அங்கே வெப்பநிலை 51 டிகிரியை எட்டியது. அதற்கு முன்பு நாட்டின் உச்ச அளவாக விளங்கியது, அதே மாநிலத்தைச் சேர்ந்த அல்வாரில் 1956-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் காணப்பட்ட 50.6 டிகிரி ஆகும். அறுபது ஆண்டுகள் அசையாமல் நின்ற எண் அது.

மற்றோர் ஊர் திராஸ். லடாக்கில் கார்கிலுக்குச் செல்லும் வழியில், கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு அது. 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அங்கே உறைநிலைக்குக் கீழே 45 டிகிரி பதிவாயிற்று.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர்தான். ஆனால் இவ்விரு எண்களுக்கும் உள்ள வேறுபாடோ 96 டிகிரி! பனிக்கட்டி உருகும் நிலைக்கும் நீர் கொதிக்கும் நிலைக்கும் உள்ள தூரம் 100 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவு பெரிய இடைவெளியை ஒரே நாட்டின் எல்லைக்குள் நாம் காண்கிறோம்.

இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது? பலோடியின் வெப்பத்துக்கு மணலும் வறட்சியும் காரணம். ஒரு கிலோ நீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், ஒரு கிலோ மணல் அதே அளவுக்குச் சூடேறிவிடும். ஈரமான நிலமாயின், வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகும். வறண்ட நிலத்தில் அச்செலவு இல்லை. வந்த வெப்பம் முழுவதும் மண்ணையும் அதன்மேல் உள்ள காற்றையும் சுட வைக்கிறது. மே மாதத்தில் சூரியன் நண்பகலில் உச்சிக்கு மிக அருகில் நிற்கிறது. வானில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வேறு வீசுகிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் இந்நிலை மாறிவிடும். ஆகவேதான் நம் நாட்டின் பெரும்பாலான உச்ச அளவுகள் ஜூலை மாதத்தில் அல்லாமல், பருவமழைக்கு முந்திய மே மாதத்திலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் பதிவாகின்றன.

விரைவில் சூடேறும் மணல் விரைவில் குளிர்ந்தும் விடும். இதற்குச் சான்று அதே இராஜஸ்தானத்தைச் சேர்ந்த சூரு என்னும் நகரம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் அங்கே 50.5 டிகிரி பதிவாயிற்று. அதே சூருவில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. பகலெல்லாம் ஈட்டியதை இரவில் தெளிந்த வானத்துக்கு வாரி இறைத்துவிடும் ஊதாரி என்று பாலை மணலைச் சொல்லலாம்.

திராஸின் குளிருக்கு முதற்காரணம் உயரம். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. அத்துடன் நிலத்தை மூடிய வெண்பனி, பகலில் விழும் சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நீண்ட குளிர்கால இரவில், மலைச்சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று, பள்ளத்தை நோக்கி நீர் வடிவதுபோல வடிந்து ஊரின்மேல் தேங்குகிறது. உயரமும் பனியும் பள்ளத்தாக்கும் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை அது.

உயரம் செய்யும் மாற்றத்தை அறிய நாம் இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், அதாவது பூமத்தியரேகைக்கு வடக்கே 13-ஆவது பாகையில் அமைந்தவை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் 45 டிகிரி பதிவாயிற்று. அங்கே காணப்பட்ட மிகத் தாழ்ந்த அளவு, 1895-ஆம் ஆண்டு டிசம்பரில் பதிவான 13.9 டிகிரி. பெங்களூரின் உச்சம் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள் பதிவான 39.2 டிகிரி, அதன் தாழ்ந்த அளவு 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் பதிவான 7.8 டிகிரி. இரு நகரங்களின் உச்சங்களுக்கிடையே வேறுபாடு 5.8, தாழ்ந்த அளவுகளுக்கிடையே 6.1. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. நான் முன்பு கூறிய கணக்கின்படி அவ்வுயரத்துக்குக் குறைய வேண்டிய வெப்பம் சுமார் 6 டிகிரி! கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில் தற்செயலுக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஆயினும் அதன் அடிப்படை மெய்யே.

கடலின் பங்கையும் மறந்துவிடலாகாது. மே மாதத்தில் சென்னையில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வெப்பமான தரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறிவிட்டால் வெப்பநிலை ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும். மேலைக்காற்று வலுத்து, கடற்காற்றை நெடுநேரம் தடுத்துவிடும் நாட்களில்தான் நகரம் கொதிக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் அக்கினி நட்சத்திரம் மே மாதம் முடிவதற்கு முன்பே விடைபெற்றுவிடும். ஆனால் சென்னையின் உச்ச வெப்பம் மே 31-ஆம் நாளன்று வந்ததை எண்ணிப் பாருங்கள். காற்று பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

கடலை அடுத்த ஊருக்கும் உள்நாட்டு ஊருக்கும் உள்ள வேற்றுமையைப் பம்பாயும் தில்லியும் நன்கு காட்டும். இன்று மும்பை எனப்படும் அந்நகரின் சாந்தாக்ரூஸ் நிலையத்தில் 1952-ஆம் ஆண்டு ஏப்ரலில் 42.2 டிகிரியும், 1962-ஆம் ஆண்டு ஜனவரியில் 7.4 டிகிரியும் பதிவாயின. இடைவெளி 35 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. தில்லியின் சப்தர்ஜங் நிலையத்தில் 1944-ஆம் ஆண்டு மே மாதம் 47.2 டிகிரி; 1935-ஆம் ஆண்டு ஜனவரியிலோ உறைநிலைக்கும் கீழே 0.6 டிகிரி. இடைவெளி ஏறத்தாழ 48. கடல் ஒரு நகரத்தை அனலிலும் ஆழ விடாது, பனியிலும் உறைய விடாது. கடலின் காவல் இல்லாத தில்லி இரண்டையும் பட்டுத் தீரவேண்டியுள்ளது.

நண்பர்களே, இத்தனை எண்களையும் கூறிவிட்டேன். இவற்றை நாம் எவ்வாறு நம்புவது? 'இவ்வூரில் இவ்வளவு' என்று சொல்லுவது எளிது, மெய்ப்பிப்பது அரிது. வெயிலில் கிடக்கும் வெப்பமானி, காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தான் உறிஞ்சிய வெயிலின் சூட்டையே காட்டும். தார்ச்சாலையின்மீது வைத்துப் பார்த்த அளவும் வானிலை ஆகாது. ஆகவே, வெண்ணிறம் பூசி, நாற்புறமும் இரட்டைச் சாய்வுப் பலகைகள் பொருத்தி, வெயில் புகாமலும் காற்று தடைப்படாமலும் செய்த ஒரு மரப்பெட்டியில், தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் வெப்பமானிகளை வைக்கிறார்கள். இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். இதனை அமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியியலார். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை.

பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் முக்கியமானவை. ஒன்று பாதரசம் கொண்டது. காய்ச்சல் பார்க்கும் கருவியில் உள்ளதுபோல அதன் குழாயில் ஒரு குறுகல் உண்டு. ஏறிய பாதரசம் அக்குறுகலால் இறங்காமல் நிற்க, அன்றைய உச்ச அளவு தெரிகிறது. மற்றொன்று ஆல்கஹால் கொண்டது. அதனுள் ஒரு சிறு குச்சி மிதக்கிறது. குளிரும்போது ஆல்கஹாலின் விளிம்பு அக்குச்சியைக் கீழே இழுத்துச் செல்லும். மீண்டும் சூடேறும்போது அதனை அங்கேயே விட்டுவிட்டு மேலேறும். குச்சி நிற்கும் இடம் அன்றைய தாழ்ந்த அளவு. இரண்டாவது கருவியில் ஏன் பாதரசம் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். உறைநிலைக்குக் கீழே சுமார் 39 டிகிரியில் பாதரசமே உறைந்து கட்டியாகிவிடும்! திராஸின் 45 டிகிரிக் குளிரைப் பாதரசத்தால் சொல்லவே இயலாது. அவ்வூரைப் பற்றி 1995-ஆம் ஆண்டில் 60 டிகிரி வரை இறங்கியது என்ற செய்தியும் பல இடங்களில் எழுதப்படுகிறது. ஆனால் அதனை முறைப்படி உறுதிசெய்த பதிவாகக் கொள்ளுவதில்லை.

இக்காலத்தில் பல இடங்களில் மின் உணர்விகள் கொண்ட தானியங்கி நிலையங்கள் இயங்குகின்றன. கருவி புதிது என்பதனால் ஐயம் நீங்கிவிடுவதில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், தில்லியின் முங்கேஷ்பூரில் இருந்த தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. பலோடியின் எண் வீழ்ந்தது என்று செய்தி பரவிற்று. ஆனால் தில்லியின் பிற நிலையங்கள் அதற்குப் பல டிகிரி குறைவாகவே காட்டின. வானிலைத் துறையினர் செம்மையான கருவியைக் கொண்டுசென்று ஒப்பிட்டுப் பார்த்தனர். முங்கேஷ்பூரின் உணர்வி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்பது தெரியவந்தது.

உலகத்தின் உச்ச அளவுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. லிபியாவில் அல் அசீசியா என்னும் இடத்தில் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் 58 டிகிரி பதிவாயிற்று என்று நூல்கள் எல்லாம் எழுதிவந்தன. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-ஆம் ஆண்டில், உலக வானிலை நிறுவனம் பழைய ஏட்டை மீண்டும் ஆராய்ந்தது. பழக்கமில்லாத ஒருவர், பழக்கமில்லாத கருவியில், அளவைப் பிழையாகப் படித்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்து அந்தப் பதிவை நீக்கியது. இப்போது அவ்விடத்தில் இருப்பது, அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் பதிவான 56.7 டிகிரி. அறிவியலில் முதுமையான எண்ணுக்கும் விலக்கு இல்லை. எப்பொழுது வேண்டுமானாலும் அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

இவ்வளவு கவலை எதற்கு? ஒரு டிகிரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றலாம். இந்த எண்களின்மீது மனித உயிர்கள் சார்ந்திருக்கின்றன என்பதே விடை.

நம் உடல் தன் வெப்பத்தைச் சுமார் 37 டிகிரியில் காத்துக்கொள்ள முயல்கிறது. அதற்குள்ள பெருந்துணை வியர்வை. அது ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும், குளிர்ச்சி உண்டாகாது. ஆகவே பலோடியின் 42 டிகிரியும் கடற்கரையின் 42 டிகிரியும் உடலுக்கு ஒன்றல்ல. இதனை உணர்ந்தே இந்திய வானிலைத் துறை, வெப்ப அலைக்குரிய கணக்கைத் தொடங்கச் சமவெளிக்கு 40 டிகிரி, கடற்கரைக்கு 37, மலைப்பகுதிக்கு 30 என்று வெவ்வேறு எல்லைகளை வகுத்துள்ளது. அத்துடன் அந்த ஊரின் இயல்பான அளவைவிட 4.5 டிகிரியேனும் கூடியிருக்க வேண்டும். அதாவது, ஓர் ஊருக்குத் தீங்கு செய்வது பெரிய எண் அன்று. அவ்வூர் பழகியிராத எண்.

இதனை ஆமதாபாத் நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே வெப்பநிலை 46.8 டிகிரி வரை ஏறியது. நாட்டின் உச்சப் பட்டியலில் இடம்பெறும் எண் அன்று அது. ஆனால் அந்த ஒரு மாதத்தில், வழக்கமாக நிகழும் மரணங்களைக் காட்டிலும் 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். புயல் வந்தால் மரம் சாயும், கூரை பறக்கும், எல்லோரும் காண்பர். வெயிலோ ஓசையின்றி வருவது. கட்டட வேலைக்குக் கல் சுமப்பவர், வண்டி இழுப்பவர், தகரக் கூரையின்கீழ் வாழும் முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோரையே அது முதலில் தேடிச் செல்கிறது.

அந்நகரம் வாளாவிருக்கவில்லை. 2013-ஆம் ஆண்டில் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு, நிறங்களால் குறிக்கப்பட்ட எச்சரிக்கை விடுத்தல், குடிநீர்ப் பந்தல்களைப் பெருக்குதல், மருத்துவமனைகளை ஆயத்தம் செய்தல், ஏழை மக்களின் கூரைகளுக்கு வெண்சாயம் பூசுதல் ஆகியவை அதன் பகுதிகளாயின. இந்நாட்டில் வேறு பல நகரங்களும் அதனைப் பின்பற்றலாயின. எச்சரிக்கை உரிய நாளில் ஒலிக்க வேண்டுமாயின், அந்நகரின் இயல்பான அளவு எது, அபாய அளவு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனைச் சொல்பவை, யாரோ ஒருவர் பல்லாண்டுகளாகக் காலை எட்டரை மணிக்குத் தவறாமல் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதிய ஏடுகளே.

அத்தகைய ஏடுகளைப் பொறுத்தவரை நம் நாடு ஏழை நாடு அன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் வானாய்வுக் கூடம் எழுந்தது. 1796-ஆம் ஆண்டு முதல் அங்கே வானிலை குறிக்கப்பட்டு வந்தது. 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்ததும், நாடு முழுவதற்கும் ஒரே வானிலைத் துறை வேண்டும் என்பதை உணர்த்தின. 1875-ஆம் ஆண்டில் அத்துறை தோன்றிற்று.

இன்று நான் கூறிய எண்களை மற்றொரு முறையிலும் அடுக்கிப் பார்க்கலாம். தாழ்ந்த அளவுகள் பெரும்பாலும் பழையவை: பெங்களூர் 1884, சென்னை 1895, திராஸ் 1910, தில்லி 1935. உச்ச அளவுகளிற் பல புதியவை: சென்னை 2003; பலோடி, பெங்களூர் இரண்டும் 2016. உலகம் வெப்பமடைந்து வருகிறது என்பதற்கு இதுவே சான்று என்று உடனே சொல்லிவிடலாமா? கூடாது. தில்லி சப்தர்ஜங்கின் உச்சம் 1944-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்து அனலிலும் அந்நிலையம் 46.8 டிகிரியோடு நின்றுவிட்டது. மும்பையின் தாழ்ந்த அளவோ அதன் உச்சத்துக்குப் பத்தாண்டு பிந்தியது. ஓரிரு நாட்களின் எண்களைக் கொண்டு பெரிய முடிவுகளைக் கட்டலாகாது. அதற்கு எல்லா நிலையங்களின் எல்லா நாட்களையும் சேர்த்துச் சராசரி காண வேண்டும். அவ்வாறு கண்டபோது, 1901-ஆம் ஆண்டு தொடங்கி 2024 வரை உள்ள ஆண்டுகளில் நம் நாட்டுக்கு மிக வெப்பமான ஆண்டு 2024-தான் என்பது தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு, 2022-ஆம் ஆண்டின் மார்ச் மாதம் 1901 முதல் அதுவரை கண்ட மார்ச் மாதங்கள் அனைத்தினும் வெப்பமானதாய் இருந்தது. வட இந்திய வயல்களில் கோதுமை மணி பிடிக்கும் பருவம் அது, விளைச்சல் குன்றியது. அவ்வாண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. வெப்பமானியில் ஏறிய கோடு சந்தையில் விலையாகவும் ஏறிவிட்டது அன்றோ?

மாணவ நண்பர்களே, உச்சம், தாழ்வு என்னும் எண்களைப் பந்தயத்தின் வெற்றி தோல்வியாகக் கருதி வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓர் எண்ணைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். யார், எக்கருவியால், எங்கே வைத்து அளந்தார்? மண், உயரம், கடல், காற்று ஆகியவற்றுள் எது அந்த எண்ணை உண்டாக்கிற்று? அந்த நாளில் அவ்வூரில் வெளியில் நின்று உழைத்தவர்க்கு என்ன நேர்ந்தது? முதற்கேள்வி உங்களைப் பொய்யிலிருந்து காக்கும். இரண்டாவது நிலநூலைக் கற்பிக்கும். மூன்றாவது, கற்ற கல்வியைப் பிறருக்குப் பயன்படுத்தும் வழியைக் காட்டும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு வெப்பமானியை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் முறைப்படி அமையுங்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் அளவைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். காணாத நாளை வெற்றிடமாகவே விடுங்கள். சில திங்களில் உங்கள் ஊரின் இயல்பு உங்களுக்குப் புலனாகும். பிறகு ஒரு நாள் அந்தக் கோடு வழக்கத்துக்கு மேலே ஏறக் கண்டால், வாயிலில் கல் உடைப்பவருக்கு ஒரு குவளை நீரும், உச்சிவேளையில் அவர் ஒதுங்க ஒரு நிழலும் தேவை என்பதை மற்றவர்களுக்கு முன்பே நீங்கள் அறிந்திருப்பீர்கள்.